ஒரு காய்ச்சல் செட்டு

"பாய், ஒரு காய்ச்சல் செட்டு குடு."

தண்டையார்பேட்டை மருந்துக்கடையில் குப்பம்மா கை நீட்டினாள். காய்ச்சல் செட்டு என்றால் சின்னக் காகித உறையில் நாலு மாத்திரை. டாக்டர் சீட்டு தேவையில்லை.

"யாருக்கு?" என்றார் அத்தாவுல்லா.

"என் வூட்டுக்காரருக்கு. வைரஸ் காய்ச்சல். நாலாம் நாளு வுட்ருச்சு. ஆறாம் நாளு திரும்ப அடிக்குது, மூச்சும் வாங்குது. காலைல டிரெய்லர் லாரி எடுக்கணும்னு துடிக்கிறாரு."

"சர்க்கரை கீதா?"

"கீது."

"தர முடியாது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

"இன்னா பாய், போன வாரம் உன் கடை வாசல்ல மீன் கூடை வெக்கக் கூடாதுன்னதுக்குச் சண்டை போட்டேனே, அந்தக் காண்டா?"

"இன்னா வேணா நெனச்சுக்கோ. எடத்தைக் காலி பண்ணு."

கடையில் நின்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குப்பம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

அடுத்தது தீபன் கடை. "செட்டு இல்லக்கா."

அதற்கடுத்த கடையிலும் இல்லை. மூன்றாவது கடையில், "தீந்துபோச்சும்மா" என்றார்கள்.

"தீந்துபோறதுக்கு இது இன்னா புதுப்பட டிக்கெட்டா?" என்று கத்திவிட்டு, வேறு வழியில்லாமல் புருஷன் ஜெயவேலை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

சர்க்கரை முந்நூற்று எண்பது.

"வைரஸ் போயிடுச்சும்மா. அது போன வழியில வேற கிருமி நுரையீரல்ல புகுந்திருக்கு" என்றார் டாக்டர். "இன்னிக்கே வந்ததால ஊசி போட்டுச் சரி பண்ணிடலாம். கடையில செட்டு வாங்கிக் குடுத்தீங்களா?"

"எங்கயும் கெடைக்கல டாக்டர்."

"நல்ல வேளை. அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். காய்ச்சல் அடங்கின மாதிரி காட்டும், சர்க்கரையை ஏத்திவிடும். அப்புறம் பூஞ்சையும் பிடிச்சிருந்தா ஆளைக் காப்பாத்துறதே கஷ்டம்."

ஒன்பதாம் நாள் ஜெயவேல் இட்லி கேட்டார். நாலு சாப்பிட்டார். குப்பம்மா நிம்மதியாக வீடு திரும்பும்போது தீபன் கடையில் நின்றாள்.

"அன்னிக்கு உன் கடையில செட்டு தீந்துபோனது எங்க நல்ல நேரம் தம்பி. அந்த பாய்தான் பழைய சண்டையை மனசுல வெச்சுகினு தொரத்திட்டாரு."

தீபன் சிரித்தான்.

"செட்டு இருந்துச்சுக்கா. நீ இங்க வர்றதுக்குள்ள மூணு கடைக்கும் பாய் போன் பண்ணிட்டாரு. 'பச்சைப் புடவையில என் தங்கச்சி வருது. திட்டினா வாங்கிக்கங்க, செட்டு மட்டும் குடுத்துடாதீங்க'ன்னு."