பாவாத்தாளிடம் கேட்ட கேள்விகள்

"உன் புருசன் குடிப்பானா, மாட்டானா? அதைச் சொல்லு முதல்ல!"

பேராசிரியர் வெங்கடபதி மேசையைத் தட்டினார். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பாவாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பவாச்சும் குடிப்பாருங்க."

"குடிச்சுப்போட்டு உன்னை அடிப்பான். அப்படித்தானே?"

"ஐயோ, இல்லீங்க..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் ஸ்டீவும் சட்டத் துறையில் கடைசி வருஷம். துறையில் புதிதாக மனித உரிமை மையம் திறந்திருந்தார்கள். அதற்குத் தலைவர் இவர்தான். மனித மாண்பைப் பற்றி டெல்லி வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்த மனுஷன், லாக்கப்பில் புருசனைப் பறிகொடுத்தவளை இப்படியா உலுக்குவது?

அவள் புருசன் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தவர். பம்ப்செட் மோட்டார் திருட்டுப் போச்சு என்று போலீஸ்காரர்கள் விசாரிக்கக் கூட்டிப் போனார்கள். மறுநாள், வேட்டியில் தூக்குப் போட்டுக்கொண்டான் என்று பிணத்தைக் கொடுத்தார்கள். முதுகெல்லாம் லத்தித் தடம்.

நாளைக்கு அரசாங்க விசாரணை. பாவாத்தாள் தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னால் கொலை வழக்கு நிற்கும். உளறினால் தற்கொலை என்று எழுதி மூடிவிடுவார்கள். அதற்குத்தான் இந்த ஒத்திகை.

"உன் புருசன் பேரென்ன?"

"அவுருதானுங்க..."

"அவுருன்னு ஒரு பேரா? பேரே சொல்லத் தெரியாதவ பொண்டாட்டியான்னு கேப்பாங்க. சொல்லு!"

கல்யாணமான நாளிலிருந்து புருசன் பேரை வாயால் சொல்லாதவள். முந்தானையைக் கசக்கிக் கசக்கி, கடைசியில் "நஞ்சுண்டன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள் பாருங்கள், பார்க்கச் சகிக்கவில்லை.

அவர் விடவில்லை. "உனக்கு வேற ஒருத்தனோட பழக்கமாம். அது தெரிஞ்சுதான் தூக்குப் போட்டானாம். என்ன சொல்றே?"

"போதும் சார்!" என்று எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கம்மணி," என்றார் என்னிடம். "நாளைக்கு இதைவிடக் கேவலமாக் கேப்பாங்க. அங்க போய் அழக் கூடாது. இங்கயே அழுது முடிச்சுரட்டும்."

நாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் இது. அறை கூட்ட வருகிற ராமாமணியைக்கூட 'வாங்க' என்பவர், இவளை மட்டும் நீ, வா, போ!

வெளியே வந்து பொரிந்து தள்ளினேன். "நெஞ்சுல ஈரமே இல்லாத ஆளு, ஸ்டீவ். இவரெல்லாம் மனித உரிமை பேசறாரு!"

"விடு சாரா. அடுத்த கட்டுரைக்கு மேட்டர் தேத்தறாரு," என்றான் ஸ்டீவ்.

சாயங்காலத்துக்குள் பாவாத்தாள் தேறிவிட்டாள். "அன்னிக்கு நீ எங்க இருந்தே?" என்று அவர் அதட்டினால், "ஸ்டேசன் வாசல்ல நின்னேனுங்க. அவுரு 'அடிக்காதீங்க சாமி'ன்னு கத்துனது எங்காதுல உழுந்துச்சுங்க," என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

மறுநாள் விசாரணை அதிகாரியைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

"வாங்கம்மணி, உக்காருங்க. அந்த ஃபேனைப் போடுங்கப்பா. தண்ணி குடிக்கிறீங்களா?"

ஸ்டீவின் காதில் சொன்னேன். "இவரைப் பாத்துக் கத்துக்கணும் நம்ம சார்."

பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி ஒரு தாளையும் மை டப்பாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கைநாட்டு வெச்சுட்டுப் போங்கம்மணி. அவ்வளவுதான்."

"ஏனுங்க, என்னைய ஒண்ணும் கேக்கலீங்களா?"

"கேக்கறதுக்கு என்னம்மணி இருக்கு? ஸ்டேஷன்ல இருந்தே எல்லாம் எழுதி வந்திருச்சு. குடும்பத் தகராறு, தூக்குப் போட்டுக்கிட்டாரு. உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?"

பாவாத்தாள் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அவங்க சாட்சிங்க," என்றார் வெங்கடபதி. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அவங்க வாக்குமூலம் வாங்காம எப்படிங்க முடிப்பீங்க?"

"நீங்க இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதுங்க, ப்ரொபசர். நல்லா எழுதுவீங்களாமே!" அதிகாரி சிரித்தபடியே எழுத்தர் பக்கம் திரும்பினார். "கைநாட்டு வெக்க மறுத்துட்டாங்கன்னு போட்டு ஃபைலை முடிச்சுருங்க."

"நான் சொல்லோணுங்க! நான் வாசல்ல நின்னேனுங்க, எம் புருசன் நஞ்சுண்டன்..."

"போயிட்டு வாங்கம்மணி. பாத்துப் போங்க." கதவு வரை வந்து வழியனுப்பினார், பாவி!

டவுன் பஸ் பிடித்துத் திரும்பினோம். காந்திபுரத்தில் இறங்கி அவளை ஊர் பஸ் ஏற்றிவிடலாம் என்றால், அவள் ஏறமாட்டேன் என்றாள். எங்களோடு துறைக்கே வந்து, பேராசிரியர் அறையில் உட்கார்ந்தாள்.

வெங்கடபதி அவள் எதிரே கைகூப்பினார். "மன்னிச்சுருங்கம்மணி. நேத்து வாயில வரக்கூடாததெல்லாம் கேட்டுப்போட்டேன். எல்லாம் வீணாப் போச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க சாமி. அவுரு செத்ததுல இருந்து, என்னைய உக்கார வெச்சு என்ன நடந்துச்சுன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தானுங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொருக்கா கேளுங்க. நான் சொல்லோணும்."