சியாகுல்லிச் சுடுதண்ணி

சியாகுல்லி என்ற ஊரின் மந்தரீன் தோடம்பழத் தோட்டத்துக்குத் தண்ணீர் தேடி, முதலாளியம்மா சிஞோராவின் தகப்பன் குழாய்க்கிணறு அடித்தார். கொதிதண்ணீர்தான் பீறிட்டது. சீமெந்தால் அடைத்தார்கள். அது பக்கத்தில் வெடித்துக்கொண்டு வந்தது. தண்ணீரின் கசடு படிந்து படிந்து அங்கே ஆளுயரச் செம்மேடு வளர்ந்தது; உச்சியில் ஓயாமல் ஆவி பறந்தது.

அங்கே வேலை செய்த மரியநாயகம் பின்னேரங்களில் மேட்டைப் பார்த்து, "போட்டு வாறன்" என்பார். தண்ணீர் ஒருமுறை எம்பித் தணியும்.

வீட்டில் இதைக் கேட்டு மனைவி றீற்றா சிரிப்பாள். "எனக்குச் சொல்லாமல் போவியள், அதுக்கு மட்டும் சொல்லுறியள்."

தோட்டம் விலைப்பட்டது. கடைசி நாள் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "போறன்" என்றார். தண்ணீர் எம்பவில்லை. ஆவியும் நின்றுபோனது. பஸ் ஏறி நகரத்துக்குத் திரும்பினார்.

வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், தன் மூன்றாம் மாடி வீட்டில், கைகழுவக் குசினியின் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தார். ஆவி பறந்தது.

"பொய்லர் போட்டனீரே?"

"இல்லையே."

குழாயின் கீழே, வெள்ளைத் தொட்டியில், விரல்நுனியளவு செம்மேடு. றீற்றா துடைக்க எடுத்த துணியைத் திரும்ப வைத்தாள். "கிடக்கட்டும், பாவம்."

காலையில் புதுவேலைக்குப் புறப்பட்டவர், குசினியைப் பார்த்து, "போட்டு வாறன்" என்றார்.

மூடியிருந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒருமுறை எம்பித் தணிந்தது.