முப்பத்தி நாலாம் நம்பர்

விலங்கியல் பேராசிரியர் இராஜமாணிக்கம் ஆய்வகக் கதவைத் தள்ளியபோது, உள்ளே இராஜமாணிக்கமே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்!

"க்க்ர்ம்! கரப்பான்பூச்சி இதயத்துக்கு எத்தனை அறை? பதிமூணு! உங்க மண்டையில ஒரு அறையாவது இருக்கா?"

அதே செருமல், அதே சிடுசிடுப்பு. வாய் மட்டும் இரண்டாம் ஆண்டு தீனாவுடையது. எதிரே டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய்! என்னடா பண்றே?"

"சார், அது இன்னான்னா..."

"வாயை மூடு!"

"ஒரே நிமிசம் சார்..."

"போடா வெளியே!"

தீனா டேப்பை 'டப்'பென்று அணைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

எருமை, டவுன் பஸ் ஹாரன், பிரின்சிபால் என்று அவன் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. அதில் தானும் குடியேறியதைத்தான் இராஜமாணிக்கத்தால் பொறுக்க முடியவில்லை.

அவர் வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. கேட்டால், "காதை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்தியா?" என்பார். இரண்டு மாதமாக லீவ் லெட்டர்கூட இல்லாமல் மட்டம் போட்ட முப்பத்தி நாலாம் நம்பர் பானுப்ரியாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். வருகை எடுக்கும்போது முப்பத்தி மூன்றிலிருந்து முப்பத்தி ஐந்துக்கு ஒரே தாவல்.

அட்டெண்டர் வீரன் தன் பங்குக்கு ஊதிவிட்டார்.

"ரெண்டு மாசமா இதே வேலைதான் சார். நாலு மணி ஆச்சுன்னா எங்க தெரு கந்தசாமி வீட்ல உங்க குரல்தான் ஓடிகினு கீது."

"கேட்டுட்டுச் சிரிக்கிறாங்களா?"

"சிரிப்புச் சத்தமும் கேட்டுச்சு சார்."

போதாதா? தீனாவை டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்லி அங்கேயே புகார் எழுதிச் சட்டைப் பையில் செருகினார். ஆதாரத்துக்கு அந்தக் கேசட்டும் வேண்டும். நாலு மணிக்கு வீரன் சொன்ன தெருவுக்குப் போனார்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம். கந்தசாமி வீட்டில் மட்டும் தறி நின்றிருந்தது. வாசலுக்கு வந்த கந்தசாமி, ஆள் யாரென்றுகூடக் கேட்காமல் உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்... மெதுவா வாங்க. காலேஜ் நடக்குது."

"என்னது?"

"எம்பொண்ணுக்குங்க. கண்ணுல ஆபரேசன். மூணு மாசம் புஸ்தகமே தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. அடுத்த மாசம் பரிட்சை. படிச்சுக் காட்ட இங்க யாருக்குத் தெரியும்? படிப்பை நிறுத்திடும்மான்னேன். தீனா பையன்தான் விடமாட்டேன்னுட்டான். தெனம் பாடத்தைக் கேசட்ல புடிச்சாந்து குடுக்கிறான். வாத்தியார் குரல்ல கேட்டாதான் கிளாஸ்ல குந்திகினு இருக்கிற மாதிரி இருக்குதாம். அதான் தறியை நிறுத்திடுவேன்."

இராஜமாணிக்கம் எட்டிப் பார்த்தார்.

இரண்டு கண்ணிலும் கட்டோடு, தரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் பானுப்ரியா. எதிரே டேப்.

"க்க்ர்ம்! முப்பத்தி மூணு! முப்பத்தி நாலு!"

டேப் இரண்டு நொடி காத்திருந்தது.

"பிரசன்ட் சார்!" என்றாள்.

பாடம் தொடங்கியது. பதிமூன்று அறை வந்தது. மண்டைக்குள் அறை வந்ததும் அவள் சிரித்தாள்.

'டேய்! என்னடா பண்றே? ... வாயை மூடு! ... போடா வெளியே!'

டப். டேப் நின்றது.

பானுப்ரியா முகம் வாடியது. "இன்னா நைனா, பாதியிலயே நின்னுடுச்சு! நமக்கு நாலு அறை போதுது, அதுக்கு மட்டும் எதுக்குப் பதிமூணுன்னு சொல்லவேயில்லியே. பரிட்சையில வந்தா இன்னா எழுதறது?"

இராஜமாணிக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திகைத்துப்போன கந்தசாமியைப் பார்த்து, இப்போது அவர் தன் உதட்டில் விரலை வைத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது சட்டைப் பையில் புகார் கசங்கியது.

"நல்ல கேள்விம்மா. அந்தப் பதிமூணும் வரிசையா நிக்கும். பின்னாடி இருக்கிறது, முன்னாடி இருக்கிறதுக்கு ரத்தத்தைத் தள்ளிவிடும். அது அடுத்ததுக்கு. அப்படியே தலை வரைக்கும்... புரியுதாம்மா? இல்ல, இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

பானுப்ரியா குரல் வந்த பக்கம் திரும்பி, வாய்விட்டுச் சிரித்தாள்.

"டேய் தீனா! வந்துட்டியா? இன்னிக்கி உனக்கு சார் குரல் சரியாவே வரலடா. அவரு எங்கடா இவ்ளோ பொறுமையா பேசுவாரு!"