தொலைந்த குடை

மொட்டைமாடியில் ஜமுக்காளம் விரித்து, சுண்டல் கிண்ணங்களைப் பரப்பிய பிறகும் வசுமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசிப்பு விருந்துக்கு அக்கம்பக்கம் முழுக்க வந்திருந்தது. எல்லார் மடியிலும் ஒரு டேப்லெட்; எல்லாவற்றிலும் அவள் தேர்ந்தெடுத்த ஒரே கதை. படிப்பவர் மனசுக்குத் தக்கபடி டேப் கதையைக் கொஞ்சம் மாற்றித் தரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊர்ப் பெயர் மாறும், மழை வெயிலாகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

படித்து முடித்ததும் எதிர்வீட்டு ரெஜினா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பாவம் அந்தம்மா. திருவிழாக் கூட்டத்துல தொலைச்சவதான், கடைசி வரைக்கும் கிடைக்கவேயில்லையே!”

வசுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு குடைக்கா இவ்வளவு அழுகை?”

ரெஜினா அவளை வெறித்துப் பார்த்தாள்.

“குடையா? தொலைஞ்சது குழந்தை, வசு!”

அவள் டேபை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். குடைதான். போன மாதக் கதையில் தொலைந்தது நாய்க்குட்டி. எத்தனை வருடமாகத் தான் படித்த கதைகளில் ஒரு பிள்ளைகூட அழவில்லை, ஒரு பள்ளிக்கூட மணிகூட அடிக்கவில்லை!

கணவன் ஞானசேகர் சுண்டலையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான்தான் உன் டேப்ல குழந்தைங்க கதை வேணாம்னு போட்டு வச்சேன். நம்ம பாப்பா போனப்புறம் நீ இருந்த இருப்புக்கு... திரும்ப அழுவியேன்னு...”

“அழுதா அழுதுட்டுப் போறேன்.”

ரெஜினாவின் டேபை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“உன் கதையில அந்தக் குழந்தைக்கு என்ன பேரு? அதைச் சொல்லு முதல்ல.”