கூப்பிட்டால் வந்துவிடுவதா?

"சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் உடனே வந்துவிடுவதா?

சாப்பாட்டு நேரத்தில் வாசலில் யார் போனாலும் கூப்பிட வேண்டும். அது எங்கள் அய்ட்டுடாக்கித் தீவின் வழக்கம். கூப்பிடப்பட்டவர் வயிற்றைத் தடவிக்காட்டி, "இப்பத்தான் ஆச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும், அதுவும் வழக்கம்தான். இங்கே நண்டுசிண்டுக்குக்கூட இது தெரியும்.

வாடகை ஸ்கூட்டரில் போன வெள்ளைக்காரத் தம்பதிக்குத்தான் தெரியவில்லை. தெபைரு வாய்வார்த்தைக்குக் கூப்பிட்டாள். அவர்கள் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தேவிட்டார்கள்.

"நான் லினெட். இவர் என் வீட்டுக்காரர் மர்ரே. நியூசிலாந்து. போன வியாழக்கிழமை ரிசார்ட்ல உங்க பேச்சைக் கேட்டோம். பிரமாதம்!"

போச்சுடா என்று நினைத்துக்கொண்டாள் தெபைரு.

வியாழன்தோறும் ரிசார்ட்டில் கலாசார இரவு. தலையில் பூவளையம், கையில் மைக்கோடு அவள் முழங்குவாள்: "காயல்தான் எங்க சமையல்கட்டு! காலையில பிடிச்ச மீன் மத்தியானம் தட்டுல! டின்னுல அடைச்சதை எங்க ஜனங்க தொடக்கூட மாட்டாங்க!" கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அதற்குத்தான் சம்பளம்.

அடுப்பிலோ வெங்காயத்தோடு வதங்கிக்கொண்டிருந்தது டின் கறி.

அவள் புருஷன் துவாகனா பிடிக்கிற மீன் அத்தனையும் ரிசார்ட்டுக்குப் போய்விடும். அந்தக் காசில் கடையில் டின் கறி வாங்குவார்கள். தெபைரு வீடு மட்டுமில்லை, தீவே அப்படித்தான். நல்ல மீனை விற்று டின்னை வாங்கித் தின்கிற அதிபுத்திசாலிகள் நாங்கள்.

அவள் ஓடிப்போய்ச் சட்டியை இறுக்க மூடினாள். பின்வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த புருஷனைப் பிடித்தாள்.

"யோவ், ரிசார்ட்டுக்கு ஓடு. காலையில குடுத்த மீன்ல ஒண்ணைத் திருப்பி வாங்கிட்டு வா."

"வித்த மீனை எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுடி கேக்கிறது? எனக்குப் பசிக்குது. டின் கறியையே போடு. அவங்களும் மனுஷங்கதானே?"

"போடறேன். மேனேஜர் காதுக்கு விஷயம் போச்சுன்னா, அடுத்த வாரம் மைக் உன் தங்கச்சி கையில இருக்கும். அவ எப்படா எப்படான்னு காத்துக்கிட்டு இருக்கா. அப்புறம் டின் கறிக்கும் வழி இருக்காது."

துவாகனா முனகிக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

அவன் வருகிறவரை தெபைரு இளநீர் கொடுத்தாள். குடும்பப் போட்டோ ஒவ்வொன்றாகக் காட்டினாள். செத்துப்போன சித்தப்பாவின் கதையைக்கூடச் சொன்னாள். அவர்கள் கிளம்புகிற வழியாயில்லை. மர்ரே சமையல்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான பறக்காவெட்டி என்று மனசுக்குள் திட்டினாள்.

துவாகனா பின்வாசல் வழியாக வந்து பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில், கல் மாதிரி உறைந்த மீன் துண்டங்கள்.

"என்னய்யா இது?"

"என் மீன் அடுப்பேறிடுச்சாம். ஃப்ரீசர்ல இதுதான் இருந்துச்சு. சால்மன். ப்ளேன்ல வந்தது."

"நம்ம காயல்ல சால்மன் ஏதுய்யா?"

"இன்னிக்கு இருக்குன்னு சொல்லு. மைக் பிடிக்கிறவ நீதானே!"

நிறம் தெரியாமல் தேங்காய்ப்பாலில் அமுக்கி வேகவைத்தாள். சேப்பங்கிழங்கோடு தட்டில் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் காலையில காயல்ல பிடிச்சது." நாக்கு துளிகூடத் தடுமாறவில்லை. எத்தனை வியாழக்கிழமைப் பழக்கம்!

மர்ரே மீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சாப்பிட ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம்" என்று அவள் உபசாரத்துக்குச் சொன்னதற்கும் தட்டை நீட்டினார். தட்டில் சொட்டுப் பால் மிச்சமில்லை.

அவர்கள் போனதும் தெபைரு தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கூப்பிட்டா வந்துடறாங்க, போட்டா தின்னுடறாங்க. மரியாதை தெரியாத ஜனம்!"

ஆனால் வியாழக்கிழமை வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "டின்னுல அடைச்சதை..." என்று அவள் மைக்கில் ஆரம்பித்தாளோ இல்லையோ, முன்வரிசையில் மர்ரே எழுந்து நின்றார். ஓரத்தில் மேனேஜர். நாத்தனாரும் நடனக்காரிகளோடு நின்றுகொண்டிருந்தாள். தெபைரு மைக்கைக் கீழே இறக்கினாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றார் மர்ரே. "இவங்க சொல்றது அத்தனையும் சத்தியம். இவங்க வீட்டுலயே சாப்பிட்டோம். அந்தக் காயல் மீன் மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்ல!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தெபைருவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் பூமாலையோடு அவர்கள் மேஜைக்குப் போனாள். மர்ரே அங்கே இல்லை. லினெட்டின் கழுத்தில் மாலையைப் போட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு எங்க மீன் ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்றாள். ஏமாந்த ஜனம் பாவம் என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

லினெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு ஊர்ல சால்மன் பண்ணையிலதாங்க வேலை. வருஷக்கணக்கா அதுலயே கிடந்து, இப்ப அந்த மீன் வாசமே அவருக்கு ஆகாது. அன்னிக்கு ரோட்டுல போறப்ப உங்க வீட்டுலேர்ந்து டின் கறி வாசம் வந்துச்சு, நீங்களும் கூப்பிட்டீங்க, ஆசையா ஓடி வந்தோம். ஆனா நீங்க மீனைக் கொண்டுவந்து வெச்சிட்டீங்க. வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு மூச்சைப் பிடிச்சிக்கிட்டுச் சாப்பிட்டுட்டார்."