கட் சொன்ன பிறகு

"அக்கா, நீங்கதான் ‘கட்’னு சொல்லிட்டீங்களே, அப்புறமும் ஏன் கேமராவுல அந்தச் சிவப்பு லைட்டு எரியுது?" என்று ஆவணப்படத்தின் படப்பிடிப்பு அன்று இஸ்திரிக்காரம்மாவின் சின்ன மகள் கேட்டாள். "அது அப்படித்தான்டி, வாலு" என்று சிரித்து மழுப்பிய திரைப்பட மாணவி, இப்போது கல்லூரியின் எடிட்டிங் அறையில் தன் பொய்யின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரைச்சீலை இடுக்கில் நுழைந்த மதிய வெயில் அவள் விரல்களின் மேல் கோடாய்க் கிடக்கிறது. திரையில், கேமரா நின்றுவிட்டதாக நம்பிய இஸ்திரிக்காரம்மா, சூடு ஆறாத ஒரு சட்டையை எடுத்து அதில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். வெளிச்சத்தைத் தணிப்பது, மூச்சை அடக்கிக் கேமராவை ஆடாமல் பிடிப்பது என்று இந்தப் படத்தில் மாணவி கற்றது எத்தனையோ. ஒருத்தி அழும்போதும் தன் கை ஆடவில்லையே என்று இப்போது கூனிக் குறுகுகிறாள்.

"டைரக்டரம்மா, இந்த அழுகைக்கே நமக்குப் பரிசுடி! இதுல கைய வெச்சே, ஒடிச்சிருவேன்" என்று மிரட்டிவிட்டு, ஒலிப்பதிவு செய்த தோழி டீ வாங்கப் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. மாணவி அந்த அழுகையை அழிக்கிறாள். நகலையும் தேடி அழிக்கிறாள். வெறுமையான இடத்தில், இஸ்திரிக்காரம்மா மனமுவந்து கொடுத்த முகத்தைக் கொண்டுவந்து வைக்கிறாள். படிய வாரிய தலையோடு, கேமராவை நேராகப் பார்த்து அந்தம்மா சொல்கிறாள்: "எங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா."