போன் பார்ட்டி

“கடைசி வண்டி சார். நாளைக்குக் காலையில புது இறக்குமதி வரி வந்துடும். இதே கார் ஒன்றரை மடங்கு விலை!” என்றான் விற்பனையாளன்.

“வரி வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான்னு சொன்னாங்களே?” என்றார் பேக்கரிக்காரர்.

“பேரு அவங்களுக்கு, பில்லு நமக்கு.”

ஷோரூமில் கூட்டம் அலைமோதியது. இந்த மலிவு விலை எலக்ட்ரிக் காரை இதுவரை திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் இன்று வந்து கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

பேக்கரிக்காரர் அப்படியல்ல. மனைவிக்குத் தெரியாமல் ஒரு வருஷமாக முன்பணம் சேர்த்தவர். ஆர்டர் கேக்குகளை இருவரும் ஸ்கூட்டரில்தான் கொண்டு போவார்கள். அவர் ஓட்ட, மூன்றடுக்கு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள். பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. வேகத்தடை வரும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். போன மழையில் வண்டி சறுக்கி விழுந்தபோது, முழங்காலில் ரத்தம் வழிய, “கேக் தப்பிச்சிருச்சு பாத்தீங்களா!” என்று சிரித்தவள் அவள். கார் வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

“எடுத்துக்கறேன்” என்று அவர் சொல்லவும், பக்கத்து மேஜைப் பெண் போனைப் பொத்திக்கொண்டு, “சார், இந்தப் பார்ட்டியும் அதே வண்டியக் கேக்கறாங்க!” என்று கத்தவும் சரியாக இருந்தது.

மேனேஜர் ஓடி வந்து தலையைச் சொறிந்தார். “விலைய ஏத்தக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. ஒண்ணு செய்வோம். இலவசமாத் தர்ற சாமான்ல யார் அதிகமா விட்டுக் கொடுக்கறாங்களோ, வண்டி அவங்களுக்கு!”

“எனக்கு மேட் வேண்டாம்” என்றார் பேக்கரிக்காரர் உடனே.

பெண் போனில் கிசுகிசுத்தாள். “மேட்டோட சீட் கவரும் வேண்டாங்கறாங்க.”

“எனக்கு ரெண்டும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். நானே பாடிக்கறேன்.”

“இவங்களுக்கு ஸ்பீக்கரும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாமாம்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் மாட்டும் சார்ஜர் இல்லாமல் வீட்டில் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தனியாக வாங்கினால் கொள்ளை விலை.

“கொஞ்சம்கூட யோசிக்கல சார், பட்டுனு சொல்லிட்டாங்க” என்று அந்தப் பெண்ணே வியந்தாள்.

சரியான விடாக்கண்டனாக இருக்கிறானே என்று பேக்கரிக்காரருக்கு வியர்த்துவிட்டது. மனைவியின் முழங்காலை நினைத்துக்கொண்டார்.

“எனக்கும் சார்ஜர் வேண்டாம். வெளிய நிக்கற என் ஸ்கூட்டரையும் சும்மா எடுத்துக்கோங்க!”

மேனேஜர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். “அது ஓடுமா?”

“ரெண்டு உதை விட்டா ஓடும்.”

“வண்டி உங்களுக்கே!” என்று மேனேஜர் மேஜையைத் தட்டினார். கூட்டம் கைதட்டியது. பெண் போனில் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வைத்தாள்.

கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, மொட்டைக் காரில் ஏறி உட்கார்ந்தபோது பேக்கரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் சார்ஜர் ஞாபகம் வந்தது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம் என்று மனைவிக்குப் போன் போட்டார்.

“என்னங்க...” அவரை முந்திக்கொண்டு அவளே ஆரம்பித்தாள். “நீங்க இனிமே மழையில நனையக் கூடாதுன்னு, உங்களுக்குத் தெரியாம ஒரு கார் வாங்கிடலாம்னு பாத்தேன். நீங்க மாவு வாங்கணும்னு கிளம்பினதும் எலக்ட்ரீஷியன வரச்சொல்லி வாசல்ல சார்ஜரக்கூட மாட்டிட்டேன். கார்தான் கிடைக்கல. யாரோ ஒரு கல்நெஞ்சன் குறுக்க வந்துட்டான். நம்ம ஓட்டை ஸ்கூட்டரையும் தர்றேன்னு சொல்ல வாயத் திறக்கறேன், அதுக்குள்ள அவன் தன்னோடதக் கொடுத்துட்டானாம்ங்க!”

பேக்கரிக்காரருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

“வாசலுக்கு வந்து நில்லும்மா. அந்தக் கல்நெஞ்சன் நம்ம வீட்டுக்குத்தான் வர்றான், சார்ஜ் போட!”